கண்ணாடி ஹைட்ரோமீட்டர்: நிறத்தை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

பேட்டரிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் சாதா ஹைட்ரோமீட்டர்தான். மேலே ரப்பர் பல்பு, கீழே உறிஞ்சு குழல், நடுவே 1100 முதல் 1300 வரை எண் போட்ட மிதவை. வீட்டில் இன்வெர்ட்டருக்கு டியூப்லர் பேட்டரி வைத்திருந்தால் மல்டிமீட்டரைவிட இதுதான் உருப்படியான கருவி.

கணக்கைப் பாருங்கள். சார்ஜும் லோடும் இல்லாமல் கிடக்கும் செல்லின் வோல்டேஜ், ஏறக்குறைய ஆசிட் கிராவிட்டியோடு (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; மிதவையில் 1240 என்றால் 1.240) 0.84 சேர்த்தது. 12 வோல்ட் பேட்டரியின் ஆறு செல்லும் 1.240 என்றால் 12.48 வோல்ட். ஒரே ஒரு செல் 1.150-க்கு விழுந்திருந்தாலும் டெர்மினலில் 12.39 வரும், மல்டிமீட்டரில் பார்த்தால் சந்தேகமே வராது. ஹைட்ரோமீட்டர் அந்த செல்லைக் காட்டிக்கொடுத்துவிடும். செல்லுக்குச் செல் 0.030-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் முழு சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் அந்த செல் போய்விட்டது.

இந்தக் கருவியின் பெரிய குறை மிதவையிலுள்ள நிறப் பட்டைதான். முழு சார்ஜைக் குறிக்கும் பச்சை பெரும்பாலும் 1.250-க்கு மேல் தொடங்கும்; அது கார் பேட்டரிக் கணக்கு. பல டியூப்லர்களுக்கு முழு சார்ஜே 1.240 பக்கம்தான். பச்சை வரவில்லையே என்று ஆசிட் ஊற்றி பிளேட்டைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, ஊற்ற வேண்டியதும் டிஸ்டில்டு வாட்டர்தான். ஊற்றிய கையோடு அளக்காதீர்கள்; தண்ணீர் மேலாக நின்று கிராவிட்டி குறைத்துக் காட்டும். சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

மிதவை குழாய்ச் சுவரில் ஒட்டக்கூடாது, கண் மட்டத்தில் படிக்க வேண்டும், எடுத்த ஆசிட் அதே செல்லுக்குத் திரும்ப வேண்டும். ஆசிட்டின் சூடு 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால், ஒவ்வொரு டிகிரிக்கும் படித்த எண்ணோடு 0.0007 கூட்டுங்கள். மிதவைக்குள் காகித அளவுகோல் நழுவிய பீஸும் வரும். வாங்கும்போது இரண்டை ஒரே செல்லில் விட்டு ஒப்பிடுவது நல்லது. கழுவாமல் வைத்தால் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும்.

மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டுவதானால் முழு சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றி, ஆறு செல்லின் எண்ணையும் குறித்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கொரு முறை யாராவது சார்ஜ் போட வேண்டும். வெயில் காலத்தில் தானாக இறங்குவது வேகம். காலியாகக் கிடந்தால் பிளேட்டில் படியும் சல்ஃபேட் இறுகி, அப்புறம் சார்ஜ் பிடிக்காது. சிமென்ட் தரையில் வைத்தால் இறங்கும் என்பது மரப்பெட்டிக் காலத்துக் கதை. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது.

மூடி திறக்காத சீல்டு பேட்டரி என்றால் இதை வாங்கிப் பயனில்லை. அதற்கு மல்டிமீட்டர்தான்.