திருடனுக்குக் கை கொடுப்பதா, விலகி நிற்பதா?

முத்தியால்பேட்டையில் நாங்கள் நாலு பேர் ராத்திரி பத்து மணிக்கு மேல் கணினியில் சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் ஆன்லைன் ஆட்டம் விளையாடுகிறோம். அதில் நான் பாலடின், அதாவது நேர்மை தவறாத புனித வீரன்; மச்சான் திருடன். கடற்கரையில் காந்தி சிலை பக்கம் நடக்கும்போதும் இதே சண்டைதான்: அவனுக்கு நான் உதவலாமா?

விலகி நிற்பது எளிது, கொள்கை கெடாது. சில ஆட்டங்களில் விதியே அப்படித்தான். 1997-ல் வந்த அல்டிமா ஆன்லைனில் குற்றவாளிக் குறி விழுந்தவனுக்கு வைத்தியம் பார்த்தால் உங்களுக்கும் அதே குறி விழும், பெயர் சாம்பல் நிறமாகும், ஊருக்குள் யாராவது காவலரைக் கூப்பிட்டால் கதை முடிந்தது. ஆனால் எப்போதுமே விலகி நின்றால் குழு எதற்கு?

உதவுவதில் எனக்கு ஒரு கோடு உண்டு. போன வாரம் குகையில் மச்சான் பூட்டைத் திறந்து பொறியைக் கழற்றும்வரை நான் கேடயத்தோடு பின்னால் நின்றேன். அது வித்தை, திருட்டு இல்லை. அதே ஆள் மறுநாள் சந்தையில், புதுசாக வந்த ஒரு பையனின் பையில் கைவிட்டு மாட்டிக்கொண்டு, "டேய், ஹீல் போடுடா!" என்று காயத்தை ஆற்றச் சொல்லி மைக்கில் கத்தினான். நான் போடவில்லை. அந்தப் பையன் மணிக்கணக்கில் உட்கார்ந்து சேர்த்த காசு அது.

இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை ஆட்டத்தில் பாலடினும் திருடனும் 1975-ல் ஒரே விதித் துணைநூலில்தான் வந்தார்கள், அதனால் சேர்ந்து போவதில் தப்பே இல்லை. கணினி ஓட்டும் அரக்கனிடம் திருடினால் கூட நிற்பேன், சக ஆட்டக்காரனிடம் என்றால் மாட்டேன். மச்சான் இரண்டு நாள் பேசவில்லை, அப்புறம் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.