ஓர்சேயா, ஒராஞ்சரியா, மர்மொத்தானா?

பாரிசில் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களை, அதாவது ஒளியின் கணநேரத் தோற்றத்தைப் பிடிக்க முயன்ற 19ஆம் நூற்றாண்டுப் படங்களை, பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று சொன்னால், யாராக இருந்தாலும் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத்தான் கைகாட்டுவார்கள். நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் காலையில் போகாதீர்கள், வியாழக்கிழமை மாலையில் போங்கள். அன்று மட்டும் இரவு 9.45 வரை திறந்திருக்கும்.

1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம் அது, 1986இல் அருங்காட்சியகமானது. இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் மொனே தீட்டிய பாரிசின் சென்-லாசார் ரயில் நிலையம், புகையும் எஞ்சினுமாக, இன்னொரு ரயில் நிலையத்துக்குள் வந்து மாட்டியிருப்பதை நினைத்தால் சிரிப்பு வரும். கீழே உள்ள சிற்பங்கள் எங்கும் ஓடிவிடாது. கால் தெம்பாக இருக்கும்போதே இம்ப்ரெஷனிஸ்ட் படங்கள் இருக்கும் ஐந்தாம் தளத்துக்கு ஏறிவிடுங்கள்.

எனக்கு அங்கே மொனேயைவிட கையெபோத் என்ற ஓவியர்தான் முக்கியம். அவருடைய படம் ஒன்றில் மூன்று தொழிலாளிகள் மண்டியிட்டு மரத்தரையை இழைக்கிறார்கள். வெற்று முதுகில் ஜன்னல் வெளிச்சம், சுற்றிலும் சுருள் சுருளாக மரச்சீவல். இந்த ஓவியத்தை 1875இல் பாரிசின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோன் திருப்பி அனுப்பியது. கையெபோத் வசதியான வீட்டுப் பிள்ளை. நண்பர்களின் படங்களை விலை கொடுத்து வாங்கி, 1894இல் இறந்தபோது உயிலில் அரசுக்கே விட்டுப்போனார். அரசோ அதில் ஒரு பகுதியைத்தான் ஏற்றுக்கொண்டது! ரெனுவாரின் புகழ்பெற்ற 'மூலேன் த லா கலெத்' நடன ஓவியம் இன்று ஓர்சேயில் இருப்பது அந்த உயிலால்தான்.

சரி, ஒராஞ்சரி அருங்காட்சியகம்? சேன் நதியின் நடைப்பாலத்தைத் தாண்டினால் துய்லரி தோட்டத்தில் இருக்கிறது, நடந்தே போய்விடலாம். நீள்வட்ட அறைகள் இரண்டு, அவற்றின் சுவர்களை வளைத்தபடி மொனேயின் எட்டு அல்லிக்குள ஓவியங்கள். இரண்டு மீட்டர் உயரம். வரிசையாக வைத்தால் நூறு மீட்டர் நீளத்துக்குக் கிட்ட வரும். முதல் உலகப்போர் நின்ற மறுநாளே இவற்றை நாட்டுக்குத் தருவதாகத் தன் நண்பர், பிரதமர் கிளெமான்சோவுக்கு மொனே எழுதினார். 1927இல் அறைகள் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1960களில் மேலே ஒரு தளம் கட்டி வெளிச்சத்தை மறைத்துவிட்டார்கள். பிறகு அதை இடித்து, 2006இல் மறுபடி திறந்தார்கள். இப்போது மேகம் நகர்ந்தால் குளத்தின் நிறமும் மாறுகிறது. நடுவில் இருக்கும் இருக்கையில் அரை மணி நேரம் சும்மா உட்காரலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே தோது. ஆனால் மனே, தெகா, பிஸ்ஸாரோ என்று அந்த ஓவியர் கூட்டம் முழுவதையும் புரிந்துகொள்ள இது போதாது.

மர்மொத்தான் அருங்காட்சியகம் மொனே பித்தர்களுக்கு. இம்ப்ரெஷனிஸ்ட் இயக்கத்துக்கே பெயர் கொடுத்த மொனேயின் 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' ஓர்சேயில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. 1985இல் திருடுபோய், 1990இல் கோர்சிகாவில் கிடைத்த படம். நகரின் மேற்கு ஓரத்தில், கொஞ்சம் ஒதுக்குப்புறமாக இருப்பதால் இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒன்று: ஒராஞ்சரிக்குச் செவ்வாய் விடுமுறை, மற்ற இரண்டுக்கும் திங்கள். கையில் இருப்பது திங்கட்கிழமைதான் என்றால் யோசிக்கவே வேண்டாம், நேராக அல்லிக்குளத்துக்குப் போங்கள்.