‘திருவிதாங்கூர் காலத்து’ பேனா ஸ்டாண்ட்: கன்னியாகுமரியில் பழைய பொருள் வாங்குபவர்களுக்கு

கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கம் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் என் மாமாவிடம் 6,500 ரூபாய் பறித்துவிட்டார்கள். செதுக்கு வேலை செய்த பேனா ஸ்டாண்டும், கவர் பிரிக்கும் மரக்கத்தியும் சேர்ந்த மேசை செட். “ஈட்டி மரம் சார், 1940-ல திருவிதாங்கூர் ஆசாரி செஞ்சது. பதிச்சிருக்கிற வெள்ளை எல்லாம் தந்தம். வெளிய யார்கிட்டயும் சொல்லிராதீங்க” என்றிருக்கிறார் கடைக்காரர். பில்லும் தரவில்லை.

அந்தக் ‘சொல்லிராதீங்க’தான் இந்த மோசடியின் பூட்டு. இந்திய யானைத் தந்த வணிகத்துக்கு 1986-லும் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு 1991-லும் தடை வந்துவிட்டது. குற்றம் உறுதியானால் குறைந்தது 3 ஆண்டு சிறை. ஆகவே தந்தம் என்று நம்பி வாங்கியவர் பயந்துகொண்டு புகார் பக்கமே போகமாட்டார். கடைக்காரருக்கு அது போதும்.

மாமா வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தந்தத்தின் குறுக்குவெட்டில் வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோலத் தெரியும். எலும்பில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகளோ கீறல்களோ இருக்கும். இதில் இரண்டும் இல்லை. ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடு மட்டும் இருந்தது. பிளாஸ்டிக். சூடான ஊசியால் குத்திப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பழைய செல்லுலாய்டாக இருந்தால் குபுக்கென்று தீப்பிடிக்கும்.

அப்புறம் குலசேகரத்தில் தெரிந்த ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோனோம். கையில் வாங்கியதுமே “ஈட்டிக்கு இந்தக் கனம் போதாதே” என்றார். அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணியை உரித்தால் உள்ளே சாயம் ஏறாத வெளுத்த ரப்பர் மரம், முடுக்கியிருந்தது பளபளப்பான ஸ்டார் ஸ்க்ரூ. தின்னர் தொட்ட பஞ்சால் மேலே தேய்த்தால் பஞ்சு முழுக்கக் கருஞ்சிவப்பு. நம் மாவட்டத்தில் ரப்பர் மரத்துக்கா பஞ்சம்!

இவ்வளவும் வேண்டாம், சிற்பத்தைப் பார்த்திருந்தாலே போதும். ஸ்டாண்டின் முகப்பில் செதுக்கியிருந்தது விவேகானந்தர் பாறை மண்டபம். அது திறந்ததே 1970-ல். 1940-ல் எந்த ஆசாரி அதைப் பார்த்துச் செதுக்கினார்? ஊர் நினைவுப் பொருளில் என்ன கட்டடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். காந்தி மண்டபம் இருந்தால் 1956-க்கு முன் போகாது, வள்ளுவர் சிலை இருந்தால் 2000-க்கு முன் போவது கஷ்டம். சிலை இல்லை என்பதற்காகப் பழசு என்றும் நம்பிவிட முடியாது, செதுக்கியவர் விட்டிருக்கலாம்.

எனக்கு ஆற்றாமை என்னவென்றால், செதுக்கிய கை நல்ல கை. பாறையில் அலை மோதும் இடத்தை அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார். புதுசு என்று சொல்லி நியாய விலைக்கு விற்றிருந்தால் மாமா சந்தோஷமாக வாங்கியிருப்பார். இப்போது அந்தத் தொழிலாளியின் வேலையும் பொய்க்குள் புதைந்துவிட்டது.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். மாமா ஜிபேயில் கட்டிய ரசீது இருந்ததால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம். இதேபோன்ற செட் வாங்கியவர்கள் பொருளையும் பணம் கட்டிய ரசீதையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு அழையுங்கள். இனி வாங்குபவர்கள் மரத்தின் பெயரையும் காலத்தையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காதீர்கள்.