நிஷாபூர் பாணிக் குடுவைக்குச் சுட்ட மண் அச்சா, பிளாஸ்டர் அச்சா?

ஈரானின் நிஷாபூரில் மெருகு பூசாத பூவேலைக் குடுவைகளோடு அவற்றைச் செய்த அச்சுகளும் கிடைத்திருக்கின்றன. 1221-இல் மங்கோலியர் அழித்த ஊர் அது. அந்தப் பாணியில் செய்ய ஆசைப்படுபவர்கள் முதலில் தடுமாறுவது அச்சில்தான்: சுட்ட மண்ணில் செய்வதா, பிளாஸ்டரில் (தண்ணீரில் குழைத்தால் இறுகும் வெள்ளை மாவு) செய்வதா?

செலவு: மண் அச்சுக்கு மண்ணும் ஒரு சூளைச் சூடும் போதும். பிளாஸ்டரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் சூளை வேண்டாம்.

நேரம்: பிளாஸ்டர் அரை மணியில் இறுகும், முழுக்க உலரத்தான் நாளாகும். மண் அச்சு காய்ந்து, வெந்து வர வாரம்கூட ஆகலாம். சுருங்கவும் செய்யும், அதனால் கொஞ்சம் பெரிதாகவே செய்யுங்கள்.

வேலைப்பாடு: இங்கேதான் விஷயமே இருக்கிறது. மண் அச்சு பாதி காய்ந்து தோல்போல இருக்கும்போது உட்புறத்தில் நேராகச் செதுக்கலாம். அச்சில் பள்ளமானது குடுவையில் புடைப்பாக வரும். அரபு எழுத்தென்றால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ஒரு எழுத்தை மறந்தாலும் போச்சு. பிளாஸ்டரில் அந்தத் தலைவலி இல்லை. மாதிரியை நேராகச் செய்து மேலே ஊற்றினால் போதும்.

நீடித்து உழைப்பது: பிளாஸ்டரின் விளிம்பு சீக்கிரம் மழுங்கும். உதிரும் துணுக்கு களிமண்ணில் கலந்தால், சுட்டபின் அந்த இடம் பொரிந்து தெறிக்கும். மண் அச்சில் அந்தப் பயமில்லை.

எதுவானாலும் மேல்பாதி, கீழ்பாதி என இரண்டு அச்சு வேண்டும். கழுத்தும் கைப்பிடியும் அப்புறம் ஒட்டுவதுதான்.

ஒன்றிரண்டு செய்து பார்க்க பிளாஸ்டர். ஒரே வடிவத்தை வருடக்கணக்கில் வார்க்க நினைத்தால் மண் அச்சு. எனக்கென்னவோ மண்தான் பிடிக்கிறது.