தினமும் ஒரு நல்ல சேதி சொல்லும் காலண்டர்

ராகுகாலம், எமகண்டத்தோடு அதே தேதியில் உலகில் நடந்த ஒரு நல்ல விஷயத்தையும் போட்டிருக்கும் தினசரி காலண்டர் இது. வாங்கிப் பத்து மாதமாகிறது. மே 8 தாளில், 1980இல் பெரியம்மை ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார சபை அறிவித்த செய்தி. முகத்தில் அம்மைத் தழும்போடு இருக்கும் அப்பா அதைக் கசக்கிப் போட விடவில்லை, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அக்டோபர் 13 இன்னும் அருமை. சிலியில் 69 நாள் பூமிக்கடியில் சிக்கிக் கிடந்த 33 சுரங்கத் தொழிலாளர்களையும், ஒரே ஒரு ஆள் நிற்கக்கூடிய கூண்டில் ஒவ்வொருவராக மேலே இழுத்து 2010இல் அன்றுதான் மீட்டு முடித்தார்கள், படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

தாள் மெலிசு. சில நாளுக்கு வெறும் பிறந்தநாள் குறிப்பு போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள், அதை மாற்ற வேண்டும். அப்புறம், எழுத்தும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். அடுத்த வருஷத்துக்கும் இதையேதான் வாங்கப்போகிறேன், அக்கா வீட்டுக்கும் சேர்த்து.