கொழுப்பு காட்டும் எடை மெஷின்: தனியாக டயட் ஆலோசனை செய்பவர்களுக்குத் தேறுமா?

பெங்களூரில் வீட்டிலேயே ஒரு அறை ஒதுக்கியோ, கிளையண்ட் வீட்டுக்கே போயோ டயட் ஆலோசனை சொல்பவர்கள் முதலில் வாங்கும் சாமான், புளூடூத்தில் போனோடு சேரும் எடை மெஷின். எடை பார்க்க நல்ல சாமான்தான். ஆனால் அது காட்டும் கொழுப்புச் சதவீதத்தை வைத்து யாருக்கும் டயட் சார்ட் போடாதீர்கள்.

மேலே உள்ள நான்கு உலோகத் தகடுகள் வழியாக மிகச் சிறிய மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது. மெஷின் அளப்பது எடையையும், அந்த மின்சாரத்துக்கு உடம்பு தரும் தடையையும் மட்டும். கொழுப்பு, தசை, ‘உடல் வயது’ எல்லாம் உயரம், வயது, பாலினத்தைச் சேர்த்து ஆப் போடும் கணக்கு. நம் ஆட்களுக்குத் தொல்லை தொப்பையில்; மின்சாரமோ பெரும்பாலும் காலோடு சரி. சந்தேகமா? ஆப்பில் உயரத்தை 5 செ.மீ. கூட்டிப் போட்டு மறுபடி ஏறுங்கள். உடம்பு அதேதான், சதவீதம் மட்டும் மாறியிருக்கும்.

அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால், கூடிய அரைக் கிலோவில் பெரும்பகுதியைக் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடும். எண்ணெய்க் குளியல் முடித்த கால், டிசம்பர் குளிரில் வெடித்த குதிகால் இரண்டிலும் ரீடிங் தடுமாறும். ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களை ஏற்றவே கூடாது. கர்ப்பிணிகளுக்குச் சாதாரண எடை மெஷினே போதும்.

எடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில மலிவு மாடல்கள் முந்தைய எண்ணை நினைவில் வைத்து, வித்தியாசம் சிறிதாக இருந்தால் அதையே திரும்பக் காட்டும். “எடை இறங்கவே இல்லையே மேடம்” என்ற புலம்பலுக்குச் சில நேரம் இதுதான் காரணம். வாங்கும்போதே சோதிக்கலாம்: ஒரு முறை ஏறி இறங்கி, கால் லிட்டர் பாட்டிலைக் கையில் பிடித்து மறுபடி ஏறுங்கள். எண் அசையவில்லை என்றால் அந்த மாடல் வேண்டாம். மெத்தென்ற பாய், கார்ப்பெட் மேல் வைக்காதீர்கள். பையிலிருந்து எடுத்து வைத்ததும் காலால் ஒரு முறை அழுத்தி, பூஜ்யத்துக்கு வந்த பிறகே ஆளை ஏற்றுங்கள்.

ஆப்தான் பெரிய தலைவலி. ஒரு குடும்பத்துக்காகச் செய்யப்பட்டது அது. ஏறியவர் யார் என்பதை எடையை வைத்தே ஊகிப்பதால், 68 கிலோ அக்காவின் ரீடிங் 67 கிலோ தங்கையின் பெயரில் விழும். பெயர் பதியாமல் அளக்கும் கெஸ்ட் மோடில் எடுத்து நோட்டில் எழுதிக்கொள்வதே மேல். கிளையண்ட் பெயர் யாரோ ஒருவர் சர்வருக்கும் போகாது.

தொப்பையை அளக்க, இழுத்தாலும் நீளாத ஃபைபர்கிளாஸ் டேப் போதும். துணி டேப் நாளடைவில் இழுபட்டுவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சு விட்ட நிலையில் அளக்க வேண்டும். பாவாடை நாடா தடம் கண்ணில் படுவதால் அங்கேயே டேப்பைச் சுற்றுவது வழக்கமான தவறு. அது பெரும்பாலும் கீழே இருக்கும். நம்மவர்களுக்கு எச்சரிக்கை எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண்) 23 தொட்டாலே கூடுதல் எடை, 25 என்றால் உடல் பருமன். பல ஆப்களில் 25 வரை பச்சையாகவே காட்டும், அந்த நிறத்தைக் கிளையண்டுக்குக் காட்டாதீர்கள்.

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் 180 கிலோ வரை தாங்குவதாக, சாதாரண ஏ.ஏ.ஏ. பேட்டரி போடுவதாகப் பாருங்கள். பட்டன் செல் தீர்ந்தால் பக்கத்துப் பெட்டிக்கடையில் கிடைக்காது.