மெக்சிகன் ரெட் ரைஸ் மசாலா பாக்கெட்: வாங்கி ஏமாந்தவன் எழுதுவது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதிலும் ஒன்று, உள்ளே என்னென்ன போட்டிருக்கிறோம் என்று பின்பக்கத்தில் ஒளிக்காமல் அச்சடித்ததற்கு. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. அதே அலமாரியில் இருந்த இன்னும் இரண்டு கம்பெனி பாக்கெட்டுகளையும் திருப்பிப் படித்துப் பார்த்தேன், எல்லாம் ஒரே கதைதான்.

அக்கா மகள் பாண்டியில் காலேஜ் படிக்கிறாள். தோழிகளோடு எங்கேயோ போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, "மாமா, மெக்சிகன் ரெட் ரைஸ் செஞ்சு குடுங்க" என்று மூன்று வாரம் நச்சரிப்பு. கடலூரில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சமையல் என்னுடையது என்பதால் கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டாள். ரெட் ரைஸ் என்றதும் அம்மா மாப்பிள்ளைச் சம்பா என்று நினைத்துக்கொண்டு, "அதுக்கு எதுக்குடா பாண்டி போற, மஞ்சக்குப்பத்துலயே கெடைக்குமே" என்றார். உங்களுக்கும் அந்தக் குழப்பம் இருந்தால் இப்போதே தீர்த்துவிடுகிறேன். இது சிவப்பரிசி இல்லை, சாதாரண வெள்ளை அரிசி. தக்காளியில் வெந்து சிவக்கிறது, அவ்வளவுதான். ஸ்பானிஷ் மொழியில் அர்ரோஸ் ரோஹோ என்பார்கள். அர்ரோஸ் என்றால் அரிசி, ரோஹோ என்றால் சிவப்பு.

பாண்டியில் வெளிநாட்டுச் சாமான்கள் வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மூன்று பாக்கெட் சேர்த்து ஒரு சலுகை போட்டிருந்தார்கள், தூக்கிக்கொண்டு வந்தேன். வழியில் ஆல்பேட்டை செக்போஸ்டில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிப் பையைத் திறக்கச் சொன்னார்கள். பாண்டியிலிருந்து பை கனமாக வந்தால் அதில் என்ன இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு இல்லையா. தொப்பி போட்ட மீசைக்காரன் படம் போட்ட மூன்று மசாலா பாக்கெட்டைப் பார்த்துவிட்டு அந்தப் போலீஸ்காரர் என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத்தான் அன்று சாயந்திரம் அம்மாவும் பார்த்தார்.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம். செய்முறை மூன்றே வரி. சாதத்தை வடித்து ஆறவைக்கவும், எண்ணெயில் காய்கறி வதக்கவும், பொடியைத் தூவிச் சாதத்தைப் போட்டுக் கிளறவும். எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்தேன். நிறம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன், நல்ல செங்கல் நிறம். ஆனால் கிளறும்போது எழுந்த வாசனை, சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்ததும் மூக்கில் ஏறுமே, அதேதான். வாயில் வைத்தால் முதலில் உப்பு, பின்னாலேயே ஒரு இனிப்பு, அதற்குப் பின்னால் சீரகம். தக்காளி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சாதம் தனியாகவும் மசாலா தனியாகவும் நின்றன. பாப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மரியாதைக்கு "நல்லா இருக்கு மாமா" என்றாள், தட்டு அப்படியே இருந்தது.

பின்பக்கத்தைப் படித்தால் காரணம் புரிகிறது. முதலில் உப்பு, அடுத்தது சர்க்கரை, அப்புறம் மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்துப் பொடி, அதற்கும் கீழேதான் தக்காளித் தூள், வெங்காயத் தூள், பூண்டுத் தூள், சீரகம், பாப்ரிகா என்கிற காரம் குறைந்த மிளகாய்த்தூள், ஓரிகானோ. பாக்கெட்டில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. தக்காளிதான் இந்தச் சாதத்தின் உயிர், அது நாலாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சீரகமும் மிளகாய்த்தூளும் போடுவது பெரும்பாலும் எல்லைக்கு வடக்கே, டெக்சாஸ் பக்கத்துப் பழக்கம். டெக்ஸ்-மெக்ஸ் என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. அதையும் ரசித்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தப்பே இல்லை. ஆனால் மெக்சிகோவில் வீடுகளில் செய்கிற சிவப்புச் சாதத்தில் பொதுவாகப் பொடி என்று ஒன்றும் கிடையாது. தக்காளி, வெங்காயம், பூண்டு, உப்பு, கோழி வேகவைத்த தண்ணீர், முழுசாக ஒரு பச்சை மிளகாய், ஒரு கொத்து கொத்தமல்லி. முடிந்தது. மிளகாய்த்தூள்கூடப் போடுவதில்லை என்று சொன்னதும் அம்மா நம்பவே இல்லை.

பாக்கெட்டில் என்னைக் கடுப்பேற்றியது சுவைகூட இல்லை, அந்தச் செய்முறைதான். இந்தச் சாதத்துக்கு ஒரே ஒரு வேலைதான் முக்கியம். பச்சை அரிசியை எண்ணெயில் வறுத்து, அந்த அரிசியின் மேலேயே அரைத்த தக்காளியை ஊற்றி வதக்கி, அப்புறம்தான் தண்ணீர். பாக்கெட் அந்த ஒரு வேலையைத்தான் மிச்சப்படுத்துகிறது. அதை மிச்சப்படுத்தினால் மிஞ்சுவது வடித்த சாதத்தில் கிளறிய பொடி. நம் தக்காளி சாதத்தில்கூடத் தொக்கு நன்றாக வதங்கி எண்ணெய் பிரிகிறதே, இதில் அதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு பாக்கெட்டைத் தொடாமல், முறைப்படி செய்யலாம் என்று இறங்கினேன். அதிலும் ஒரு கோட்டை விட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன், நீங்களாவது தப்பிக்கலாம். வீட்டில் எப்போதும் இருக்கிற புழுங்கல் அரிசியையே போட்டேன். அது ஏற்கெனவே ஒரு முறை நெல்லோடு வெந்த அரிசி. சூடான எண்ணெயில் விழுந்ததும் சில மணிகள் பொரி மாதிரி உப்ப ஆரம்பித்தன, மற்றதெல்லாம் மஞ்சளாகி இறுகிக்கொண்டன. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நடுவில் ஒரு கடினம் போகவே இல்லை. பாஸ்மதியும் வேண்டாம், அதன் வாசனை தக்காளியோடு சண்டை போடும், வதக்கும்போது உடையவும் செய்யும். பொன்னிப் பச்சரிசி, அதுவும் பழைய அரிசி. புதுசு குழைந்துவிடும். அரிசிக்கடையில் "வடிச்சா உதிரி உதிரியா வரணும்" என்று கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். மெக்சிகோவில் மோரெலோஸ் மாநிலத்து அரிசிக்கு 2012ஆம் ஆண்டிலிருந்து நம் ஊர்ப் புவிசார் குறியீடு மாதிரியான பாதுகாப்பு இருக்கிறது. அது தண்ணீரை நன்றாக இழுத்துக்கொண்டும் உதிரியாக நிற்கிற ரகம். நமக்கு வேண்டியதும் அந்தக் குணம்தான், பழைய பொன்னியில் அது ஓரளவு கிடைத்துவிடுகிறது.

ஒரு டம்ளர் அரிசியைத் தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவி, சுடுதண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, வடிகட்டியில் கொட்டி நன்றாக ஈரம் போக விடுங்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அடிகனமான அகலப் பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். அரிசியைப் போட்டுக் கிளற ஆரம்பித்தால் முதலில் ஈர மணல் மாதிரி சத்தமே இல்லாமல் நகரும். நாலைந்து நிமிடத்தில் சத்தம் மாறும், கரண்டியில் பட்டுச் சலசலவென்று சின்னக் கூழாங்கல் உருளுகிற மாதிரி. கண்ணாடி மாதிரி இருந்த மணி சுண்ணாம்பு வெள்ளையாகும், அதற்குப் பின் ஓரங்களில் லேசாகப் பொன்னிறம் ஏறும். அங்கே நிறுத்த வேண்டும். அரிசியின் மேல் எண்ணெய் ஒரு போர்வை மாதிரி பிடித்துக்கொள்வதால் மாவு கரைந்து ஒட்டுவதில்லை, உதிரியாக வருவதன் ரகசியமே இதுதான். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அடுப்பைக் கூட்டி வைத்தால் வெளியே கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும்.

தக்காளி இரண்டு பெரியது, ஒரு சின்ன வெங்காயத்தில் பாதி (சாம்பார் வெங்காயம் இல்லை, பெல்லாரியில் சின்னது), நாலு பல் பூண்டு, மூன்றையும் பச்சையாகவே மிக்சியில் அடித்து வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுத் தக்காளி போட்டுப் பார்த்தேன், நம் நாக்குக்குப் பழகிய புளிப்பு, ஆனால் இதற்குக் கொஞ்சம் தூக்கல்தான். பெங்களூர்த் தக்காளி நன்றாகப் பழுத்ததாக இருந்தால் சரியாக வருகிறது, சதைப்பற்று அதிகம், நிறமும் கூட. மிக்சியில் அடித்ததும் நுரைத்துக்கொண்டு ரோஸ் நிறத்தில் இருக்கும், பார்த்துவிட்டு இதுவா சிவப்பு என்று பயப்படாதீர்கள். வறுத்த அரிசியின் மேல் ஊற்றியதும் சோவென்று ஒரு சத்தம் வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் வதக்க வதக்க ரோஸ் போய் ஆரஞ்சாகி, கடைசியில் காவி மாதிரி ஒரு சிவப்பு வரும், கரண்டியால் ஒதுக்கினால் பாத்திரத்தின் அடி தெரியும். பச்சை வாசனை போய் ஒரு இனிப்பு வாசனை எழும். அந்தப் பாக்கெட்டில் சர்க்கரை போட்டு வரவழைக்கப் பார்த்தது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் பொடிப்பொடியாக நறுக்கிய கேரட், கொஞ்சம் பட்டாணி, உப்பு, கீறாத ஒரு பச்சை மிளகாய், காம்போடு கொத்தமல்லி. மிளகாயைக் கீறினால் காரம் இறங்கும், முழுசாகப் போட்டால் வாசனை மட்டும்தான். தண்ணீர் சூடாக இருக்க வேண்டும். தக்காளியையும் சேர்த்து மொத்தம் இரண்டு டம்ளர் என்று கணக்கு வையுங்கள், தக்காளி முக்கால் டம்ளர் வந்திருந்தால் தண்ணீர் ஒன்றேகால். கோழி எலும்பு வேகவைத்த தண்ணீர்தான் வழக்கம். நான் செய்தது புரட்டாசியில், அம்மா இருக்கிற வீட்டில் அதெல்லாம் பேச்சுக்கே இடமில்லை, கேரட் தோலும் வெங்காயமும் கொத்தமல்லிக் காம்பும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை விட்டேன். ருசியில் ஒரு படி குறைவுதான், இருந்தாலும் பாக்கெட்டுக்குப் பத்துப் படி மேலே. கொதி வந்ததும் சிம்மில் வைத்து மூடிவிட்டு கால் மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. கரண்டி போட்டால் கெட்டது. எங்கள் அடுப்பில் சிம்மே கொஞ்சம் வேகம், அதனால் பாத்திரத்துக்கு அடியில் பழைய தோசைக்கல் ஒன்றை வைத்தேன், பிரியாணிக்குத் தம் போடுகிற மாதிரி. அணைத்த பிறகும் பத்து நிமிடம் திறக்காதீர்கள். பாப்பா இரண்டு முறை திறக்கப் போய்த் திட்டு வாங்கினாள்.

திறந்தபோது மேலே மிளகாயும் கொத்தமல்லியும் வாடிக் கிடந்தன, கீழே சாதம் மணி மணியாக. முள்கரண்டியால் கிளறினால் ஒன்றையொன்று தொடாமல் உதிர்கிறது. அம்மா சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இதுல கடுகு கறிவேப்பிலை தாளிச்சா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். இரண்டாவது முறை போட்டுக்கொண்டதும் அவர்தான், அதையும் பதிவு செய்கிறேன். மெக்சிகோவில் மதியச் சாப்பாட்டில் முதலில் சூப், அடுத்து இந்தச் சாதம், அதற்குப் பின்தான் கறியோ குழம்போ வரும், நாம் சாம்பார், ரசம், மோர் என்று வரிசை வைத்திருக்கிற மாதிரி. இந்தச் சாதத்துக்கு அங்கே உலர்ந்த சூப் என்றே ஒரு பெயர் உண்டு, ஸோபா ஸேகா. பக்கத்தில் பீன்ஸ், சிலர் மேலே வறுத்த வாழைப்பழத் துண்டு. நான் ராஜ்மாவை வேகவைத்து வெங்காயத்தோடு மசித்து வைத்தேன், நேந்திரம்பழத்தை நாலு துண்டு எண்ணெயில் வாட்டினேன். சாதத்தோடு அந்த இனிப்பு எப்படிப் போகும் என்ற சந்தேகத்தோடுதான் வைத்தேன், முதலில் தீர்ந்தது அதுதான்.

காசுக் கணக்கு வேண்டுமா? சலுகை விலையிலேயே ஒரு பாக்கெட் 70 ரூபாய் விழுந்தது, நாலு பேருக்குக் காணாது. அந்தக் காசுக்குத் தக்காளி, கேரட், பட்டாணி எல்லாம் வாங்கிவிடலாம். நேரம்தான் பிரச்சினை என்றால், வறுப்பதிலிருந்து இறக்குவது வரை எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது. பாக்கெட் முறையிலும் சாதம் வடித்து ஆறவைத்துக் கிளறி முடிக்க முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. ஆக, மிச்சம் ஐந்து நிமிடம்.

கொடுத்த இரண்டில் இன்னொரு நட்சத்திரம் எதற்கு என்று சொல்லவில்லையே. மிச்சம் இருந்த பாக்கெட்டுகளை வீணாக்க மனமில்லாமல், இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு போன வாரம் சில்வர் பீச் போயிருந்தோம். சுட்ட சோளம் வாங்கி, அந்த உப்பு மிளகாய்த்தூளுக்குப் பதிலாக இதைத் தூவி எலுமிச்சை தேய்த்துக் கொடுத்தேன். பாப்பா இரண்டு சோளம் சாப்பிட்டாள். சோளக்காரம்மாவே கொஞ்சம் கையில் வாங்கி நக்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க தம்பி கெடைக்குது?" என்று கேட்டார். கடைசிப் பாக்கெட்டை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.